திறக்க வழி உள்ள பைப்

தண்ணீர் மோட்டாரின் கரன்ட் பில் ஏறிவிட்டது என்றதும் பலரும் முதலில் விசாரிப்பது புது மோட்டாரின் விலையை. மோட்டாரைக் குறை சொல்லும் முன் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பைப்பைப் பாருங்கள். உறிஞ்சும் பைப்பின் நுனியில் சல்லடை அடைத்த ஃபுட் வால்வு, பாதி மூடியபடியே துருவேறி நின்றுவிட்ட கேட் வால்வு, உள்ளே உப்புப் படிந்து சுருங்கிய ஜிஐ பைப், இரவெல்லாம் சத்தமில்லாமல் ஒழுகும் ஃப்ளஷ் டேங்க் என ஒவ்வொன்றும் மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓடவைக்கிறது.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. தெரிந்தும் செய்வதில்லை. காரணம், ஃபுட் வால்வைக் கழுவ வேண்டும் என்றால் பைப்பை அறுக்க வேண்டும். ஒரு வால்வை மாற்ற வேண்டும் என்றால் மொட்டைமாடித் தொட்டி முழுவதையும் காலி செய்ய வேண்டும். பைப் போட்டவர் கழற்றப்போகும் நாளை நினைக்காமலே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதனால் இந்த அத்தியாயத்தில் இரண்டு வேலையைச் சேர்த்தே செய்யப்போகிறோம். லைனைச் சரிசெய்வது ஒன்று. அடுத்த முறை அதே வேலை அரை மணி நேரத்தில் முடியும்படி யூனியனும் (அறுக்காமல் கழற்றக்கூடிய இணைப்பு) வால்வும் வைத்துவிடுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவது ஒரு தடவையோடு நின்றுபோகும்.

நம்மூரில் எங்கும் காணும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். தரைக்குக் கீழே சம்ப், அதன் பக்கத்தில் 1 எச்பி மோனோபிளாக் மோட்டார், மூன்று மாடிக்கு மேல் தொட்டி, சோலார் வாட்டர் ஹீட்டர். போர்வெல்லுக்குள் இறங்கியிருக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரை நாம் தொடப்போவதில்லை. அதைத் தூக்குவது கப்பியும் சங்கிலியும் வைத்திருக்கும் ஆட்களின் வேலை.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டு மீட்டருக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் உண்டு. மோட்டார் ஓடும் பொது மீட்டருக்கு அது கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே காசுதான்.

## கை வைப்பதற்கு முன்

1. மோட்டாரின் எம்சிபியை இறக்குங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் "வேலை நடக்கிறது, போடாதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். ஆட்டோமேட்டிக் லெவல் கன்ட்ரோலர் இருந்தால் மேல் தொட்டியில் தண்ணீர் இறங்கியதும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

2. மோட்டார் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு பிரேக்கர்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பைப் வேலைக்கு முன் அதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் எர்த் கம்பியை ஜிஐ பைப்பில் சுற்றிவிட்டிருப்பார்கள். அந்தப் பைப்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டால் எர்த்தும் போய்விடும். மாற்றும் முன் சரிபார்க்கவும்.

3. சம்ப்புக்குள் இறங்காதீர்கள். மூடிக்கிடந்த சம்ப்பில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கலாம். உள்ளே போனவரும், அவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்தே மயங்கி விழுவார்கள். இந்த அத்தியாயத்தில் சம்ப்புக்குள் இறங்கிச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் மேலிருந்து இழுத்தெடுத்துச் செய்வது.

4. வெந்நீர் லைனில் வேலை என்றால் விடியற்காலையில். காரணம் பின்னால் வரும்.

## முதல் வேலை: அளந்து எழுதுங்கள்

அளக்காமல் தொடங்கினால் வேலை முடிந்தபின் பலன் கிடைத்ததா இல்லையா என்று கடைசிவரை தெரியாது.

1. மேல் தொட்டியின் உள் நீளம், அகலம் இரண்டையும் மீட்டரில் எடுங்கள். தொட்டிக்குள் ஒரு சென்டிமீட்டர் உயரம் எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டு மூடியின் உள்பக்கம் எழுதிவையுங்கள். 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் தொட்டி என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 14.4 லிட்டர். இந்த எண் பிறகும் உதவும்.

2. தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் வால்வுகளை மூடிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். எத்தனை நிமிடத்தில் எத்தனை லிட்டர் ஏறியது என்று குறியுங்கள்.

3. மோட்டார் ஓடும்போது மீட்டர் பெட்டிக்கு வாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும் (1600, 3200 போன்ற எண்). லிஃப்ட், படிக்கட்டு விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு நிமிடத்துக்குச் சிமிட்டலை எண்ணுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 64 என்றால், 64-ஐ 3200-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்க 1.2 வரும். அதாவது மோட்டார் மணிக்கு 1.2 யூனிட் எடுக்கிறது.

4. இப்போது 1000 லிட்டர் ஏற்ற எத்தனை யூனிட் என்று போடுங்கள். 2000 லிட்டர் ஏற 25 நிமிடம் ஆனால் அரை யூனிட் செலவு. ஆயிரம் லிட்டருக்கு 0.25.

இது அதிகமா குறைவா? 1000 லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த, எந்த இழப்பும் இல்லாவிட்டால், 0.0027 யூனிட் போதும். சம்ப்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டியில் பைப் விழும் இடம்வரை 16 மீட்டர் என்றால் 0.043. சிறிய மோனோபிளாக் நல்ல நிலையில் இருந்தாலும் இதைப்போல மூன்று, நான்கு மடங்கு எடுக்கும். அது இயல்பு. மேலே வந்த 0.25 ஏறக்குறைய ஆறு மடங்கு. ஐந்தைத் தாண்டினாலே பைப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் குறைந்திருக்கிறதே என்று மகிழாதீர்கள். இந்த வகை பம்பில் வழி அடைத்தால் தண்ணீர் குறையும், அதோடு ஆம்பியரும் கொஞ்சம் குறையும். ஆனால் ஓடும் நேரம் அதைவிட அதிகமாகக் கூடிவிடும். டெலிவரி வால்வைப் பாதி மூடிவைத்து "கரன்ட் மிச்சம்" என்று சொல்லிப்போகும் மெக்கானிக்குகள் உண்டு. பார்க்க வேண்டியது ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்பதை மட்டும்.

## சக்‌ஷன் பக்கம்: இங்கேதான் பாதி நோய்

சம்ப்பிலிருந்து மோட்டார்வரை உள்ள பைப் நீளத்தில் சின்னது, தொல்லையில் பெரியது. இதற்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வெளியிலிருந்து பார்த்தால் பைப் காய்ந்து சுத்தமாக இருக்கும். பம்போ தண்ணீரோடு காற்றையும் அடித்துக்கொண்டிருக்கும்.

காற்று இழுக்கிறதா என்று பார்க்க மூன்று வழி:

மேல் தொட்டியில் தண்ணீர் விழுவதைப் பாருங்கள். ஓடத் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் புஸ்புஸ் என்று விட்டுவிட்டு, வெண்மையாக நுரைத்து வந்தால் சந்தேகம் சரி.

சோப்பு நுரையைக் கெட்டியாகக் குழைத்து ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் அப்புங்கள். மோட்டார் ஓடும்போது எங்கே நுரை உள்ளே இழுபட்டுக் குழி விழுகிறதோ அங்கே ஓட்டை.

மூன்றாவது, எதுவும் செலவில்லாதது. மோட்டாரை நிறுத்திய உடனே ஜாயின்ட்டுகளைத் துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்து பாருங்கள். டெலிவரி பக்கம் என்ஆர்வி (தண்ணீரைத் திரும்பவிடாத ஒருவழி வால்வு) இல்லாத லைனில், மேலே நிற்கும் தண்ணீரின் எடை இப்போது சக்‌ஷன் பைப்பிலும் அழுத்தும். ஓடும்போது காய்ந்திருந்த இடத்தில் ஒரு துளி திரண்டு நிற்கும்.

ஜாயின்ட்டுகள் சரியென்றால் ஃபுட் வால்வுக்குப் போங்கள். காலையில் ஒவ்வொரு முறையும் பிரைமிங் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறதா? அப்படியென்றால் ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடித்து வைக்கவில்லை. ஊற்ற மறந்த நாளில் மோட்டார் வறண்டு ஓடி மெக்கானிக்கல் சீல் கருகும்.

ஃபுட் வால்வைக் கழுவும் முறை

1. எம்சிபி இறக்கம், எச்சரிக்கைத் தாள்.

2. டெலிவரி வால்வை மூடுங்கள். மறந்தால் மேலே பைப்பில் நிற்கும் தண்ணீர் முழுவதும் உங்கள் மேல்.

3. பிரைமிங் பிளக்கைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள்.

4. யூனியனைக் கழற்றுங்கள். இரண்டு பைப் ரென்ச் வேண்டும். ஒன்று பைப்பைப் பிடித்துக்கொள்ள, மற்றது யூனியன் நட்டைத் திருக. ஒரே ரென்ச்சால் திருகினால் அசைவு பக்கத்து எல்போவுக்குப் போய் அங்கே புது ஓட்டை விழும்.

5. பைப்பை நேராக மேலே தூக்குங்கள். சல்லடையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். உள்ளே இருக்கும் மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள். அதன் ரப்பர் வாஷர் ஓரத்தில் ஒரு மணல்துகளோ சணல் இழையோ சிக்கியிருந்தாலே போதும், வால்வு ஒழுகும்.

6. பைப்பை நிமிர்த்திப் பிடித்து உள்ளே தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். மட்டம் இறங்கினால் வாஷரை மாற்றுங்கள். வாஷர் கிடைக்காத மாடல் என்றால் வால்வையே மாற்றுங்கள்.

7. திரும்ப இறக்கும்போது ஃபுட் வால்வு சம்ப்பின் தரையிலிருந்து ஒரு அடி மேலே நிற்க வேண்டும். தரையில் உட்கார்ந்தால் அடியில் படிந்த சேறு முழுவதும் சல்லடைக்குத்தான் வரும்.

8. யூனியனின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, கையால் இறுகும்வரை திருகி, பிறகு ரென்ச்சால் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

9. பிரைமிங் வழியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை ஊற்ற வேண்டும். பிளக்கை மூடி, டெலிவரி வால்வைக் கொஞ்சம் திறந்து மோட்டாரைப் போட்டு, பிறகு மெதுவாக முழுவதும் திறக்கவும்.

யூனியனே இல்லையா? பெரும்பாலான வீடுகளில் இருக்காது. அப்படியானால் இந்த ஒரு முறை பைப்பை அறுத்தே ஆக வேண்டும். அறுத்த இடத்தில் திரும்ப கப்ளிங் வைத்து ஒட்டிவிடாமல் யூனியன் வையுங்கள். சம்ப் மூடிக்கு மேல், கை எட்டும் இடத்தில் ஒன்று. மோட்டாரின் இன்லெட்டை ஒட்டி ஒன்று. டெலிவரியில் மோட்டாரை விட்டு வெளியே வந்ததும் ஒன்று. மூன்றும் இருந்தால் எந்தப் பைப்பையும் அறுக்காமல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

"சார், யூனியன் போட்டா அங்கதான் லீக் ஆகும்" என்று பிளம்பர் சொல்வார். ஆகலாம். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஆகும், ஒரு ரப்பர் வளையத்தில் சரியாகும். சுவருக்குள் மட்டும் யூனியனைப் புதைக்கவிடாதீர்கள்.

மூன்று தவறுகள் அடிக்கடி கண்ணில் படும். சக்‌ஷன் பைப் மோட்டாரின் இன்லெட்டைவிடச் சின்ன அளவில் இருப்பது ஒன்று. சம்ப்பிலிருந்து மோட்டார்வரை சீராக மேல்நோக்கிச் செல்லாமல் நடுவில் மேடு விழுந்திருப்பது இரண்டாவது. அந்த மேட்டில் காற்று தங்கும், எவ்வளவு பிரைமிங் செய்தாலும் போகாது. தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஆறு, ஏழு மீட்டருக்கும் அதிக உயரத்தில் மோட்டாரை வைத்திருப்பது மூன்றாவது. இதற்குப் பராமரிப்பால் தீர்வு கிடையாது. மோட்டாரைக் கீழே இறக்க வேண்டும்.

## டெலிவரி பக்கம்

முதலில் கேட் வால்வு. கைப்பிடியைத் திருகினால் சுற்றுகிறது என்பதால் திறந்திருக்கிறது என்று நம்பாதீர்கள். பழைய கேட் வால்வில் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் விழுந்து கிடக்கும். கைப்பிடி என்னமோ முழுச் சுற்றும் சுற்றும். அதை எடுத்துவிட்டு ஃபுல் போர் பால் வால்வு போடுங்கள். கைப்பிடி பைப்போடு நேராக நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். தூரத்திலிருந்தே தெரியும். ஒன்று மட்டும்: மோட்டார் ஓடும்போது பால் வால்வைச் சட்டென்று மூடாதீர்கள். தண்ணீர் ஓடும் வேகத்தில் முட்டி, பைப் தடால் என்று அதிரும். ஒட்டிய ஜாயின்ட் விட்டுப்போக அது போதும்.

அடுத்தது என்ஆர்வி. உடலில் அம்புக்குறி இருக்கும், அது தொட்டிப் பக்கம் காட்ட வேண்டும். டெலிவரி பைப் மேல் தொட்டியின் அடியில் நுழைகிற வீடுகளில் இது கட்டாயம். இல்லையென்றால் ஃபுட் வால்வு பழுதான அன்று தொட்டித் தண்ணீர் முழுவதும் ராத்திரியோடு ராத்திரியாகச் சம்ப்புக்குத் திரும்பிவிடும்.

பிறகு பைப்பின் அளவு. உராய்வு விட்டத்தைப் பொறுத்து மிக வேகமாக ஏறும். அதே அளவு தண்ணீர் 1¼ இன்ச் பைப்பில் போவதைவிட 1 இன்ச்சில் போனால் உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்கு. 1½ இன்ச்சோடு ஒப்பிட்டால் ஏழு மடங்கு. மோட்டாரின் அவுட்லெட் 1 இன்ச் என்பதால் மேலேவரை 1 இன்ச் போட்டிருப்பார்கள். ரெட்யூசர் வைத்து 1¼ ஆக்குவதற்கு ஆகும் கூடுதல் செலவு பெரிதல்ல. உள்ளே உப்புப் படிந்த ஜிஐ பைப்புக்கும் இதே கணக்குத்தான். யூனியனைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்வழியில் கால்பங்கு சுருங்கியிருந்தால்கூட ஆசிட் ஊற்றிக் கழுவும் யோசனை வேண்டாம். துரு போகும், அதோடு பைப்பும் போகும், மிச்ச ஆசிட் குடிநீரில் கலக்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அந்தத் துண்டை யுபிவிசியாக மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது எல்போக்களை எண்ணுங்கள். 1¼ இன்ச் எல்போ ஒவ்வொன்றும் சுமார் ஒரு மீட்டர் நேர்ப்பைப்புக்குச் சமமான தடை. ஜன்னலைச் சுற்றி, சன்ஷேடைச் சுற்றி எட்டு எல்போ போட்டிருந்தால் எட்டு மீட்டர் கூடுதல் பைப். தவிர்க்க முடியாத திருப்பங்களில் நீண்ட வளைவுள்ள பெண்ட் போடுங்கள்.

ஒட்டும்போது

1. பைப்பை நேர்க்கோணத்தில் அறுத்து, பிசிறை உள்ளும் புறமும் சீவுங்கள். உள்ளே விட்ட பிசிறுதான் பிறகு குப்பை பிடிக்கும் இடம்.

2. ஒட்டாமல் ஒரு தடவை மாட்டிப் பார்த்து, எவ்வளவு உள்ளே போகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள்.

3. யுபிவிசிக்கு யுபிவிசி சால்வென்ட், சிபிவிசிக்கு சிபிவிசி சால்வென்ட். மிச்சமிருக்கிறதே என்று ஒன்றை மற்றதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

4. தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் பைப் கொஞ்சம் பின்னுக்கு வரும்.

5. ஒட்டிய அன்றே தண்ணீர் விடச் சொல்லி வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். வெந்நீர் லைன் என்றால் ஒரு முழு நாள்.

## ஏற்றிய தண்ணீர் எங்கே போகிறது

மாடிக்கு ஏறி வீணாய்ப் போகும் ஒவ்வொரு லிட்டரும் ஏற்றிய கரன்ட்டையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

இரவு பதினொரு மணிக்கு மேல் தொட்டியின் மட்டத்தை அளந்து எழுதுங்கள், விடியும் முன் மறுபடி அளந்து பாருங்கள். அடுக்ககம் என்றால் யாராவது எழுந்து தண்ணீர் புழங்கியிருப்பார்கள், அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். பத்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், நாம் எடுத்த தொட்டியில் அது 144 லிட்டர். அடுத்த இரவு ஒரு பக்கத்து இறக்கத்தின் வால்வை மூடிவிட்டு அளந்து பாருங்கள். இப்படி ஒவ்வொன்றாக மூடினால் எந்த வரிசை வீடுகளில் ஒழுகல் என்று தெரிந்துவிடும். தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனுக்கும் தனி பால் வால்வு வேண்டும் என்பது இதற்காகத்தான்.

வீட்டுக்குள் முதல் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க் மேல். டேங்க்கைத் திறந்து துணிக்குப் போடும் சொட்டு நீலம் நாலைந்து சொட்டு விடுங்கள். இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. கோப்பைக்குள் நீலம் இறங்கியிருந்தால் அடி வாஷர் தேய்ந்துவிட்டது. வாங்கும்போது பழைய வாஷரைக் கையில் எடுத்துப் போங்கள்.

தொட்டியின் ஓவர்ஃப்ளோ பைப்பை வீட்டுக்குப் பின்பக்கம் யாரும் பார்க்காத மூலையில் விட்டிருப்பார்கள். அதை நீட்டி, நடைபாதையில் போகிறவர்கள் தலையில் படாத, ஆனால் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். வழிந்தால் பத்து பேர் சத்தம் போடுவார்கள். எந்த எலக்ட்ரானிக் அலாரத்தையும்விட இது நம்பகமானது.

பிரஷர் பம்ப் இருக்கும் வீடுகளில், யாரும் குழாயைத் திறக்காத நேரத்தில் பம்ப் தானாக விட்டுவிட்டு ஓடினால் எங்கோ ஒழுகுகிறது அல்லது காற்றுத் தொட்டியில் காற்று இறங்கிவிட்டது. இரண்டும் பம்பைக் கெடுக்கும்.

## வெந்நீர் லைன்

100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடாக்க ஏறக்குறைய மூன்றரை யூனிட் ஆகும். அதே 100 லிட்டரை 16 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற நல்ல மோட்டாருக்கு 0.02 யூனிட்கூட ஆகாது. சூட்டை இழப்பதுதான் பெரிய இழப்பு என்பதால் நேரம் குறைவாக இருந்தால் இந்தப் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.

குளிக்கும்போது "சுடுதண்ணி வர நேரமாகுது" என்று எல்லோரும் சொல்வார்கள். முக்கால் இன்ச் சிபிவிசி பைப்பில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும். சோலார் தொட்டியிலிருந்து குளியலறைவரை 20 மீட்டர் என்றால் 5 லிட்டர் ஆறிய தண்ணீர் வந்த பிறகுதான் சூடு வரும். பைப்பின் நீளத்தை மாற்ற முடியாது. ஆறும் வேகத்தைக் குறைக்கலாம்.

உறை போடும் முறை

1. விடியற்காலையில் ஏறுங்கள். வெயிலில் காய்ந்த சோலாரில் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும். கண்ணாடிக்குழாய் வகையில், வெறுமையாகச் சூடேறிய குழாய்க்குள் பச்சைத்தண்ணீர் விட்டால் அப்படியே வெடிக்கும். பகலில் வேலை தவிர்க்க முடியாதென்றால் முந்தைய இரவே குழாய்களைத் தடித்த துணியால் மூடிவிடுங்கள்.

2. வெந்நீர் லைனில் யாராவது யுபிவிசித் துண்டு செருகியிருக்கிறார்களா பாருங்கள். அது 60 டிகிரிக்கு மேல் தாங்காது. சிபிவிசி 93 டிகிரிவரை தாங்கும். உறை போடும் முன் அந்தத் துண்டை மாற்றுங்கள்.

3. பைப்பின் வெளி விட்டத்தை அளந்து அதற்குச் சரியான நுரைக்குழாய் உறை வாங்குங்கள். சிபிவிசி மேல் போடலாமா என்று கேட்டே வாங்குங்கள். சில ரப்பர்களிலும் டேப்களிலும் உள்ள எண்ணெய் சிபிவிசியை நாளடைவில் வெடிக்கவைக்கும். பாலிஎத்திலீன் நுரை பொருந்தும்.

4. நீளவாக்கில் பிளந்து மாட்டி, பிளவு கீழ்ப்பக்கம் வரும்படி திருப்பி ஒட்டுங்கள். மேலே இருந்தால் மழைநீர் இறங்கும். ஈரமான உறை சூட்டைப் பிடித்து வைக்காது.

5. எல்போவிலும் டீயிலும் உறையை விட்டுவிட்டுப் போவது வழக்கம். அங்கேயும் வெட்டி ஒட்டுங்கள். யூனியன், வால்வு உள்ள இடத்தில் மட்டும் தனித்துண்டாக, கழற்றி மாட்டும்படி விடுங்கள்.

6. மேலே அலுமினியத் தாள் டேப் சுற்றுங்கள். வெயில் படும் நுரை மூடாவிட்டால் பொடிந்து கையோடு வரும்.

சோலார் தொட்டியிலிருந்து மேல்நோக்கி நிற்கும் ஏர் வென்ட் பைப்பில் வால்வு வைக்காதீர்கள், மூடாதீர்கள், ஒழுகுகிறது என்று அடைக்காதீர்கள். ஆவி போக உள்ள வழி அது ஒன்றுதான். கீசரின் சேஃப்டி வால்வும் அப்படித்தான். சூடாகும்போது சில சொட்டு விடுவது அதன் வேலை.

வெந்நீர் வெதுவெதுப்பாகவே வருகிறதா?

உறை போட்டும், சோலார் நன்றாக இருந்தும் குளியலறையில் சூடு வரவில்லை என்றால் பச்சைத்தண்ணீர் எங்கோ வெந்நீர் லைனுக்குள் நுழைகிறது. மிக்சர் குழாயின் இரண்டு பக்கமும் திறந்திருக்க, வாயை மட்டும் ஹேண்ட் ஷவரின் நுனியில் மூடி வைத்தால் இது நடக்கும். பச்சைத்தண்ணீருக்கு மட்டும் பிரஷர் பம்ப் போட்ட வீடுகளில் நிச்சயம் நடக்கும். கண்டுபிடிப்பது எளிது:

1. சோலார் தொட்டியிலிருந்து வெந்நீர் வெளியேறும் வால்வை மூடுங்கள். கீசர் என்றால் கரன்ட்டை நிறுத்திவிட்டு அதன் இன்லெட்டை மூடுங்கள்.

2. ஏதாவது ஒரு குளியலறையில் வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்துவிடுங்கள். பைப்பில் இருப்பது வடிந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வந்துகொண்டிருப்பது பச்சைத்தண்ணீர்.

3. ஒவ்வொரு மிக்சராகப் போய் இரண்டு பக்கமும் இறுக்கி மூடிக்கொண்டே வாருங்கள். எதை மூடியதும் ஓட்டம் நிற்கிறதோ அதுதான் இடம். அங்கே வெந்நீர்ப் பக்கம் சின்ன என்ஆர்வி ஒன்று போதும்.



## எழுதி மாட்டுங்கள்

வேலை முடிந்த அன்றே ஒவ்வொரு வால்விலும் பெயின்ட்டால் எழுதுங்கள்: "ஏ வரிசை இறக்கம்", "சோலார் வெந்நீர்", "மோட்டார் டெலிவரி". அடுக்ககத்தின் அடுத்த செயலாளருக்கோ வாட்ச்மேன் அண்ணனுக்கோ நீங்கள் வந்து காட்ட வேண்டியிருக்கக் கூடாது. மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் ஒரு தாள். அதில் முதல் நாள் அளந்த ஆயிரம் லிட்டர் யூனிட், தேதி, கீழே வெற்று வரிகள்.

மாதம் ஒரு முறை: தொட்டி நிறையும் நிமிடம், எல்லாப் பால் வால்வுகளையும் ஒரு தடவை மூடித் திறப்பது. அசைக்காத வால்வு தேவைப்படும் நாளில் அசையாது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை: சொட்டு நீலம், இரவு மட்ட அளவு.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை: ஃபுட் வால்வு. லாரித் தண்ணீர் வாங்கும் கோடையில் மணல் அதிகம் வரும், அப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று.

மழைக்காலம் முடிந்ததும்: வெந்நீர் உறையில் எங்கே ஈரம் இறங்கியிருக்கிறது என்று கையால் அழுத்திப் பார்ப்பது.

தொட்டி நிறையும் நேரம் முன்பைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடினால் காலண்டரைப் பார்க்க வேண்டாம், அன்றே சக்‌ஷன் பக்கம் போங்கள். ஃபுட் வால்வு, ஜாயின்ட், டெலிவரி வால்வு மூன்றையும் பார்த்தும் நேரம் குறையாவிட்டால் இப்போது மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். தேய்ந்தது பம்பின் இம்பெல்லராக இருக்கலாம். யூனியன்கள் இருப்பதால் மோட்டாரை அவரே பத்து நிமிடத்தில் கழற்றிக்கொண்டு போவார்.